நடுவரின் கரண்டி

நைட்டிக்கு மேல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கூடத்து வாசலில் நிற்கிறாள் முதுகு டீச்சர். குதிரை இல்லை. கடிவாளம் பிடித்ததுபோல் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் வைத்து, நேர்கோட்டில் உள்ளே நடக்கிறாள். நட்டநடுவில் நின்று, வலக்கையைத் தொடையோரம் தொங்கவிட்டுத் தலை குனிகிறாள். எதிரே, ஜன்னலடி நாற்காலியில் அவள் கணவர்; அவர்தான் நடுவர். நடுவர் பதிலுக்குத் தலையசைக்காமல் நகரக் கூடாது. அவர் அசைப்பார். அவள் நகர்வாள். தினமும் சாயங்காலம் இதுதான்.

ஊருக்கு வெளியே குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சி தருகிறாள். நாளெல்லாம் "முதுகு! முதுகு!" என்று கத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. தாண்டுவது, பாய்வதெல்லாம் அவள் பாடமில்லை. டிரஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டிதான். சுற்றிலும் எழுத்துப் பலகைகள் வைத்த மணற்களம். எந்த எழுத்தருகே நடை, எங்கே ஓட்டம், எங்கே திருப்பம் என்று வகுத்த வரிசைப்படி குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். வால் வைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். குதிரையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாக்கைச் சொடுக்கினாலும் மதிப்பெண் போகும். "வாய எதுக்குத் தெறக்குற? இடுப்பு இருக்குல்ல, அதால சொல்லு" என்பாள்.

பேச அனுமதி உள்ளவர் ஒருவர்தான்: களத்தோரம் நின்று வரிசையை உரக்க வாசிப்பவர். அவளுக்கு வாசித்தவர் கணவர். பேருந்து நடத்துநர், கடைசி இருக்கை வரை கேட்கும் தொண்டை. முதல் போட்டியில் அவள் நடுவில் வந்து நின்றதும், பழக்கதோஷத்தில் "இறங்குறவங்க இறங்கலாம்" என்று சேர்த்துச் சொல்லி, அவளுக்கு எச்சரிக்கை வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தொண்டையைப் பக்கவாதம் அடைத்துவிட்டது. வலக்கையும் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அவரை ஜன்னலடியில் உட்காரவைத்தாள். "பேச்சு போச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. நடுவர் மட்டும் பேசுறாரா என்ன? பதவி உயர்வுன்னு வச்சுக்குங்க." இடக்கையில் கரண்டி கொடுத்தாள், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். வரிசை தவறினால் நடுவர் மணி அடிப்பது போட்டி விதி. ஆகவே தினமும் வேண்டுமென்றே ஓரிடத்தில் தப்பாகத் திரும்புவாள். டம்ளர் கணீரென்னும். நெற்றியில் அடித்துக்கொண்டு திரும்பி வருவாள். அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

இன்று நாத்தனார் வந்திருக்கிறாள்.

"அண்ணி, அண்ணனுக்கு நாம யாருன்னே தெரியல. உடம்புதான் உக்காந்திருக்கு. நீங்க வேலைக்குப் போயிட்டா யாரு பாக்குறது? நல்ல பராமரிப்பு இல்லமா ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன்."

"நான் தப்பு பண்ணினா அடிப்பாரு. பாத்துட்டுச் சொல்லு."

வாசலிலிருந்து நடந்து வந்து வணங்கினாள். அவர் தலை லேசாக ஆடியது. மின்விசிறிக் காற்றில் முடிதான் ஆடியதோ என்னவோ. குளிர்சாதனப் பெட்டியருகே இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்பினாள். சத்தமில்லை. அவர் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசந்துட்டாரு" என்று நாத்தனாருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினாள். இந்த முறை சோபாவைச் சுற்றினாள், பின்னால் நடந்தாள், கத்துக்குட்டிகூடப் பண்ணாத தப்பையெல்லாம் பண்ணினாள். டம்ளர் சும்மா இருந்தது.

களத்துக்குள் வாயைத் திறக்காதவள் திறந்தாள். "என்னங்க... அடிங்களேன்."

கரண்டி அவர் விரல்களிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. ஒரு ஓசையுமில்லை.

நாத்தனார் எழுந்து வந்தாள். "போதும் அண்ணி. வாங்க."

முதுகு டீச்சர் கூடத்தின் நடுவுக்குப் போனாள். முதுகை நிமிர்த்தினாள். வெள்ளைக் கையுறையணிந்த வலக்கையைத் தொடையோரம் தொங்கவிட்டுத் தலை குனிந்தாள். நடுவர் தலையசைக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.