நானே இழுத்த மூச்சு

கட்டுவிரியன் கடித்தது எனக்கே தெரியாது. காலையில் இமையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். மொரப்பூரிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நாக்கு, கை, மூச்சு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டன. காது மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் இன்று நிம்மதியாக இருப்பேன்.

தொண்டையில் குழாயைச் செருகி வெண்டிலேட்டரில் போட்டார்கள். முதலில் மூச்சு முழுக்க மிஷினுடையது. எனக்கு வேண்டும்போது வராது. அது நினைத்தபோது நெஞ்சைத் தூக்கும். விருந்தில் போதும் போதும் என்றாலும் இலையில் சோற்றைத் தள்ளுவார்களே, அந்த மாதிரி. எனக்குப் போதும் என்று சொல்லவும் வாயில்லை.

விஷம் இறங்க ஆரம்பித்ததும் மிஷின் ஓடும் முறையை, அவர்கள் பேச்சில் மோடை, மாற்றினார்கள். நர்ஸ் காதருகே குனிந்து, "அக்கா, இனிமே நீங்க கொஞ்சம் இழுங்க. மீதிய மிஷின் குடுக்கும்" என்றாள். இழுத்தேன். துளியூண்டுதான். உடனே காற்று வந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். கண்ணைத் திறக்க முடியாததால் யாருக்கும் அது தெரியவில்லை.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் டாக்டரோடு உள்ளே வந்தார். "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோங்க. சொந்தக்காரங்கெல்லாம் வந்து காத்துட்டிருக்காங்க" என்றார். எங்கள் பக்கம் அப்படிக் கூட்டிப்போவது உயிர் வீட்டில் போகட்டும் என்றுதான், அது எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "மொதல்ல மிஷின்தான் மூச்சு விட்டுச்சு. இப்ப மோடு வேறங்க. அவங்க இழுத்தாத்தான் மிஷின் குடுக்கும். பாருங்க, அவங்களே இழுக்கறாங்க. பொழைச்சுக்குவாங்க."

நான் இன்னும் பலமாக இழுத்தேன். பார்க்கட்டும் என்று.

"புரியுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு, "குழாய எடுத்துட்டா எவ்வளவு நேரம் தாங்குமுங்க?" என்று கேட்டார்.

டாக்டர் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். நான் பிழைத்துவிட்டேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "மோடு கீடெல்லாம் நமக்கென்னங்க தெரியும்? மிஷினுதான் மூச்சு உடுதுன்னு நெனச்சுட்டேன்." வருகிறவர்களும் பாவப்பட்டு அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "மயக்கத்துல இருந்தப்ப உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"டாக்டர் வெளக்கமா சொன்னாரே, அது கேட்டுச்சுங்க" என்றேன். "அதுக்கப்புறம் நீங்க கேட்டதும் கேட்டுச்சு."