திங்கட்கிழமை வந்த சொல்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை முற்பகலில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் என் மகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். அவள் எங்கே இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். மனம் கனத்துவிட்டால், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீன்பிடிப் படகுகளை இழுத்து நிறுத்தியிருக்கும் மணற்பரப்பில் போய் உட்கார்ந்துகொள்வது கல்லூரிக் காலத்திலிருந்தே அவளுடைய வழக்கம். அன்று காலையிலேயே கைபேசியை அணைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

“இன்னாங்க, போய்க் கூட்டியாந்துடுங்க. தனியா குந்திகினு இன்னா நெனச்சிகினு கீதோ பொண்ணு” என்றாள் என் மனைவி. அவள் திருப்போரூர்க்காரி. கவலை வந்தால் பிறந்த ஊர்ப் பேச்சு முழுவதுமாகத் திரும்பிவிடும்.

கவலைக்குக் காரணம் ஒரு திரைப்படம். என் மகள் இயக்கிய முதற்படம். பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நல்ல வேலையில் இருந்தவள், அதை உதறிவிட்டு உதவி இயக்குநராகச் சில ஆண்டுகள் அலைந்து, கடைசியில் எடுத்த படம். பெயர்பெற்ற நடிகர் எவரும் அதில் இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகேயுள்ள தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் நிறுவனப் பேருந்தில் நிகழும் கதை. பெரும்பகுதி அந்தப் பேருந்தின் கடைசி இருக்கையிலேயே நடந்து முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை படம் வெளியாயிற்று. எங்கள் ஊர்த் திரையரங்கில் முதற்காட்சிக்குச் சென்றிருந்தேன். அமர்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் உறவினர்; மீதிப்பேரில் பலர் என் மாணவர்கள். படம் முடிந்ததும் கைதட்டினார்கள்தாம். ஆனால் தமிழாசிரியருக்காகத் தட்டும் கைக்கும் படத்துக்காகத் தட்டும் கைக்கும் ஓசை வேறு. சனிக்கிழமையே சென்னையில் பல அரங்குகள் அதை நீக்கிவிட்டு வேறு படத்தைப் போட்டுக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் ஊர் அரங்கின் மேலாளர் அழைத்தார்.

“சார், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் பாப்போம். கூட்டம் இல்லாட்டி தூக்கிட வேண்டியதுதான்.”

ஓடும் படத்தை அரங்கிலிருந்து நீக்குவதை அத்தொழிலில் ‘தூக்குவது’ என்பார்கள். அந்தச் சொல் முள்ளாக என்னுள் தங்கிவிட்டது.

ஏனெனில், அந்தத் திங்கட்கிழமையை நம்பியே என் மகள் தனக்கொரு கெடு வைத்திருந்தாள். பழைய நிறுவனம் அவளை மீண்டும் அழைத்திருந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் விடை அனுப்ப வேண்டும்.

“மொத மூணு நாளு வர்றவங்கள கணக்குலயே வெச்சுக்கக் கூடாதுப்பா” என்று எனக்கு விளக்கியிருந்தாள். “சொந்தக்காரங்க வருவாங்க, பொழுது போவாதவங்க வருவாங்க, பெரிய படத்துக்கு டிக்கெட் கெடைக்காதவங்க வருவாங்க. திங்கக்கெழமை வர்றவங்கதான் யாரோ சொல்லி வர்றவங்க. அன்னிக்குப் படம் தாக்குப் புடிச்சு நின்னா நானும் சினிமாவுல நிக்கிறேன். இல்லன்னா வேலைக்குப் போயிடறேன். அப்புறம் சினிமாப் பேச்சை நானும் எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்கக் கூடாது.”

சொன்னால் செய்பவள். அதுதான் என் அச்சம்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தென்மாவட்டத்திலிருந்து இங்கே வந்து நிலைபெற்ற தமிழாசிரியன். பிறமொழிச் சொல் காதில் விழுந்தால், அதைத் தமிழாக்கிக்கொண்ட பிறகே என் மனம் அடுத்த சொல்லுக்கு நகரும். வீட்டில் யாரேனும் ‘ஃபிரிட்ஜ்’ என்றால் என் வாய் தானாகக் ‘குளிர்பதனப் பெட்டி’ என்று முணுமுணுக்கும். “எங்கப்பாவுக்குக் கொஞ்சம் அகராதி ஜாஸ்தி” என்று என் மகள் தோழியரிடம் சொல்லிச் சிரிப்பாள். சொல்நூல், திமிர் என்று அதன் இரு பொருளும் பொருந்துவதால் நானும் சிரித்துவிடுவேன்.

பேருந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது என் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் திரையரங்க மேலாளர். பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்த்த பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை, ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

“சார், பிக்கப் ஆயிட்ச்சு சார்! பாப்பாவுக்குப் போன் போவ மாட்டேங்கிது. நீங்களே சொல்லிடுங்க!”

அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தால் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

என் மனம் தன் வேலையைத் தொடங்கியது. ‘பிக்’ என்றால் எடுத்தல். ‘அப்’ என்றால் மேலே. மேலே எடுத்தல், அதாவது தூக்குதல். நேற்றுச் சொன்னபடியே தூக்கிவிட்டார். ‘தூக்கிட்டோம்’ என்று ஒரு தகப்பனிடம் நேரே சொல்ல நாக்கூசி, ஆங்கிலத்தில் மூடிச் சொல்கிறார் என்று எண்ணி அவருடைய நாகரிகத்தை மனத்துக்குள் மெச்சவும் செய்தேன். அவர் குரலில் இருந்த படபடப்பைச் சங்கடம் என்று கொண்டேன்.

எஞ்சிய வழி முழுவதும் இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். வகுப்பில் எத்தனையோ இரங்கற்பாக்களை விளக்கியவன்; மகளிடம் சொல்ல ஒரு வரி அகப்படவில்லை.

ஆடிக்காற்றில் மணல் முகத்தில் அறைந்தது. நான் எண்ணிய இடத்திலேயே, ஒரு படகின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாசிமணியும் சங்கும் விற்கும் அம்மாள் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வணிகத்தை மறந்து அவளுக்குத் துணையாக அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “உங்க பொண்ணா சார்? காலைலேந்து பச்சத்தண்ணி குடிக்கல. இன்னா கேட்டாலும் ‘ஒண்ணுமில்லக்கா’ன்னே சொல்லிகினு கீது” என்றார்.

மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். “மேனேஜர் அண்ணன் பேசினாரா?”

“பேசினார் அம்மா. படத்தை எடுத்துவிட்டார்களாம்.”

தூக்கிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் அழவில்லை. “சரிப்பா” என்றாள். பிறகு கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தாள். “ஆபீஸுக்கு வர்றேன்னு அனுப்பிடறேன். சாயங்காலம் வரைக்கும் எதுக்கு வெச்சிருக்கணும்?”

“இன்று மாலைவரை நேரம் இருக்கிறதே” என்றேன்.

“இருந்து இன்னாப்பா பண்றது?”

அவள் விரல்கள் எழுத்துகளைத் தட்டத் தொடங்கின. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் படத்தின் படப்பிடிப்பில் ஒருநாள், பேருந்தின் படிக்கட்டில், வெயிலில் கறுத்து, குரல் கம்மி, ஆனால் முகமெல்லாம் ஒளியாக அவள் நின்றது நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்று தோன்றியது.

எழுதி முடித்தவள் அனுப்புவதற்கு முன் தலைநிமிர்ந்தாள். “அவரு ரொம்ப வருத்தப்பட்டாராப்பா? பாவம், எனக்காகத்தான் இன்னி வரைக்கும் ஓட்டிப் பாத்தாரு.”

“வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஏதோ அவசரத்தில் இருந்தார்.”

“இன்னா சொன்னாரு? அப்படியே சொல்லுங்க, அவரு சொன்ன மாதிரி.”

“அதுதான் சொன்னேனே, எடுத்துவிட்டதாக...”

“ஐயோ அப்பா, உங்க தமிழ்ல வேணாம். அவரு வாயால இன்னா சொன்னாரோ அதைச் சொல்லுங்க.”

வேறு வழியின்றி அந்த அயற்சொல்லை உச்சரித்தேன். “‘பிக்கப் ஆயிட்ச்சு சார்’ என்றார்.”

அவள் விரல் கைபேசிக்கு மேலே அப்படியே நின்றது.

“அப்பா... தூக்கிட்டோம்னு சொன்னாரா, பிக்கப் ஆயிடுச்சுன்னு சொன்னாரா?”

“இரண்டும் ஒன்றுதானே அம்மா?”

அவளிடமிருந்து எழுந்த ஓசை அழுகையா சிரிப்பா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. படகில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். பாசிமணி அம்மாள் பதறிப்போய், “இன்னா பொண்ணு, அழுவுறியா சிரிக்கிறியா? ஏதாச்சும் ஒண்ணு பண்ணு, எனுக்கு பயமா கீது” என்றார்.

“அக்கா, எங்கப்பாவுக்கு அகராதி ஜாஸ்தின்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க!” என்றாள் மகள். பிறகு என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: “பிக்கப் ஆயிடுச்சுன்னா படம் சூடு புடிச்சிடுச்சுன்னு அர்த்தம்ப்பா. மெதுவா ஆரம்பிச்ச படம் ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்!”

எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு, அவளே மேலாளரை அழைத்து ஒலியைக் கூட்டி வைத்தாள். பின்னணியில் பெருங்கூச்சல்.

“தூக்கறதா? நான் இன்னா லூசா பாப்பா? கம்பெனி பொண்ணுங்கோ வந்து குமிஞ்சிருக்காங்க! அவங்களுக்கு வார லீவு இன்னிக்குத்தானாம். நேத்து ஷிப்டு முடிச்சிட்டு நாலஞ்சு பொண்ணுங்க வந்து பாத்துட்டுப் போச்சுங்க. ஹாஸ்டல்ல போயி இன்னா சொல்லிச்சுங்களோ தெர்ல, காலைல கேட் தொறக்கறதுக்கு மின்னாடியே வந்து நின்னுகினு கீதுங்க. அப்பா கையில சொல்லி அனுப்பினேனே, சார் சொல்லலியா?”

“சொன்னாருண்ணா. கொஞ்சம் சுத்தமான தமிழ்ல சொன்னாரு” என்றாள் என் மகள்.

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “சார், நல்ல சேதி கேட்டிருக்கீங்க. பொண்ணுக்கு ஒரு மணி வாங்கிக் குடுங்க” என்று அந்த அம்மாள் தம் வணிகத்துக்குத் திரும்பினார். நீலநிறப் பாசிமணி ஒன்றை வாங்கினேன். அதை அணிந்தபடியே அவள் மாலைக் காட்சிக்கு வந்தாள்.

அரங்கின் பின்புறத்தில் நின்று பார்த்தோம். நாங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று வரிசையிட்டு ஒரு படத்தின் ஆயுளை அளந்துகொண்டிருந்தோம். யாருடைய கதையை அவள் எடுத்தாளோ அவர்களுக்கு ஞாயிறும் வேலைநாள் என்பது எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. திரையில் ஒரு பெண் பேருந்தில் தோழியின் தோளில் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு அவள் கதையை ஒட்டுக்கேட்கும் காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை யாரும் அசையாத அந்த இடத்தில் அரங்கமே வெடித்துச் சிரித்தது. எனக்கு முன்னிருந்தவள் பக்கத்திலிருந்தவளின் தோளை இடித்து, “ஏய், இது நீதான்டி!” என்றாள்.

இடைவேளையில் ஒரு பெண் தன் தோழியிடம் குறைபட்டுக்கொண்டிருந்தாள்: “எங்க ரூம்காரி நேத்துப் பாத்துட்டா. முடிவு என்னன்னு கேட்டா சொல்லவே மாட்டேன்னுட்டா. ‘நீயே போய்ப் பாரு’ன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டா.” என் மகள் அதைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். எந்தத் திறனாய்வும் அவளை அவ்வளவு மகிழ்வித்ததில்லை.

படத்தை நீக்கிய அரங்குகளில் சில அந்த வாரமே அதை மீண்டும் கேட்டு வாங்கின. எங்கள் ஊரில், புதிய படங்கள் வந்து போய்க்கொண்டிருக்க, அது ஒரு காட்சியாகச் சுருங்கியும் விழாமல் நின்றது. ஆயுத பூசையன்று மேலாளர் திரையிடும் கருவிக்குச் சந்தனம் வைத்த கையோடு, வாயிலில் வெளிறிப்போயிருந்த அந்தப் படத்தின் சுவரொட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார். மகள் இப்போது அடுத்த படத்துக்கான கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இன்றும் குளிர்பதனப் பெட்டியாகவே இருக்கிறது; ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் பெயர்ப்பதில்லை, ஏனெனில் பிறர் கொண்டுவரும் செய்தியை என் மொழியாக்கிக்கொள்ளும் முன் அவர் வாய்ச்சொல்லாகவே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று, அந்தக் கடற்கரையில் அசையாமல் நின்ற என் மகளின் விரல் எனக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.