விண்ணப்பித்தவர் ஒருவரே

ஹேமநாதன் மாமியாரின் இடது காலை முக்காலியில் தூக்கி வைத்து, குதிகாலில் ஒட்டியிருந்த கட்டுத்துணியை உப்புநீர் விட்டு நனைத்துக்கொண்டிருந்தான். சர்க்கரைப் புண். காய்ந்த துணியை இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் மனைவி திலகா சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு மாலை ஷிப்ட் என்றால் இந்தக் கால் அவன் பொறுப்பு.

"கை பதமா இருக்கு லா மாப்ளே. இதையே தொழிலா வச்சிருந்தா நாலு எடத்துல கூப்பிடுவாங்க," என்றாள் மாரியம்மா. "இப்ப செய்யற வேலைக்குப் பேரு என்னா சொன்னே?"

"கோல்ட்ஃப்யூஷன், அத்தே."

"வாயில நுழையல. அதான் ஒருத்தனும் கூப்பிடலபோல."

கிழவி சொன்னதில் பொய்யில்லை. கோல்ட்ஃப்யூஷன் என்பது இணையப் பக்கங்களை எழுதும் ஒரு கணினி மொழி. இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பு சிரம்பான் கல்லூரி ஒன்றில் மூன்று மொழிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்ற இரண்டு வகுப்பும் ஆறு மணிக்கு முடியும். இது நாலு மணிக்கே முடியும். போர்டிக்சன் சாலையில் அவன் குடியிருந்த தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அவன் எதிர்காலத்தைத் தீர்மானித்தது அந்த பஸ்தான். இதை யார் கேட்டாலும் அவனே சொல்லிச் சிரிப்பான். மற்ற இரண்டு வகுப்பில் படித்தவர்கள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வான்.

சுங்கை காடுட்டில் ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. எண்ணூறு பேருக்கு யார் எந்த ஷிப்ட், யாருக்கு எத்தனை நாள் விடுப்பு என்று சொல்லும் கணினி முறை அவன் ஒற்றை ஆளாக எழுதியது. எப்படி எழுதினான் என்று ஒரு வரி கூட எங்கும் குறித்து வைத்ததில்லை. சோம்பலால் இல்லை. 'எனக்கு மட்டும் தெரியும் என்றால் என்னை எப்படி அனுப்புவார்கள்?' என்பது அவன் கணக்கு. அந்தப் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டான்.

ஆனால் மூன்று மாதங்களாக அந்தக் கணக்கு உதைத்தது. மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஹஃபீஸா, "அண்ணே, இதெல்லாம் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து வேறு வேலை தேடினான். நாற்பத்தெட்டு வயது, பெரிய மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

தேடினால் மாநிலம் முழுவதும் சுழியம். வேலை தேடும் இணையத் தளமோ, 'கோல்ட்' என்றால் குளிர்தானே என்று பெரிய மனது பண்ணி, போர்டிக்சனில் மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றைப் பரிந்துரைத்தது. இந்த மொழிக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நாடு முழுவதற்கும் பதினோரு பேர். இருவர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒருவர் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை போட்டுவிட்டார். 'தெரிந்தவர்கள் குறையக் குறைய நமக்கு மவுசு கூடும்' என்று யாரோ அதில் போட்டிருந்தார்கள். அதாவது மற்றவர்கள் போகும்வரை இவன் உயிரோடு இருந்தால் போதும். அவனுக்கும் போன வருடமே சர்க்கரை வந்துவிட்டது.

துணி கழன்றது. புண்ணின் ஓரம் சிவப்பாக, நல்லபடியாக இருந்தது. புதுத் துணி வைத்துக் கட்டி, கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தான். குழுவில் ஒரு விளம்பரம்.

'கோல்ட்ஃப்யூஷன் தெரிந்த அனுபவசாலி தேவை. சிரம்பானுக்குத் தெற்கே, உற்பத்தித் துறை. ஷிப்ட் அட்டவணை முறை தெரிந்திருந்தால் நலம்.' நிறுவனத்தின் பெயர் இல்லை. ஏஜென்ட்டின் எண் மட்டும்.

"அத்தே, கடவுள் இருக்காரு!"

"இருக்கட்டும். கட்டு இறுக்கமா இருக்கு, தளத்து."

விண்ணப்பம் போட்ட மூன்றாம் நாள் ஏஜென்ட் கூப்பிட்டான். வயிற்று வலி என்று கிளினிக்கில் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கி ஆலைக்கு அனுப்பிவிட்டு, தலைக்கு மை பூசிக்கொண்டு சிரம்பானுக்கு மோட்டார் சைக்கிளை விட்டான். விண்ணப்பத்தில் இப்போதைய ஆலையின் பெயரை எழுதவில்லை. 'ரகசியம்' என்று போட்டிருந்தான். பழுத்த அனுபவசாலி அல்லவா.

ஏஜென்ட் முகுந்தன் மரியாதையாகப் பேசினான். "அண்ணே, கஸ்டமர் கதையச் சொல்லிடறேன். அவங்ககிட்ட ஒரு ஆளு இருக்காரு. பல வருசமா எல்லாமே அவரு தலையிலதான். ஒன்னும் எழுதி வைக்கல. கேட்டா மூஞ்சத் தூக்குவாராம். நாளைக்கு அவரு படுத்துட்டா ஆலையே படுத்துடும் லா."

ஹேமநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்படி ஆளையெல்லாம் எப்படி வேலைக்கு வச்சிருக்காங்க? மொதல் வேலையா அவரை அனுப்பச் சொல்லுங்க தம்பி!"

"அத எழுதிக்கிறேன் அண்ணே," என்று முகுந்தன் எழுதியும் கொண்டான். "இதான் அவங்க சிஸ்டம். பாத்துச் சொல்லுங்க."

முகுந்தன் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினான். வாழைப்பழ மஞ்சளில் ஒரு பக்கம். மூலையில் கொஞ்சம் சாய்ந்தாற்போல ஒரு குத்துவிளக்குப் படம். ஒரு தீபாவளிக்குப் போட்டு எடுக்க மறந்த விளக்கு. வைத்தவன் ஹேமநாதன்தான்.

ஹேமநாதன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "தம்பி, இந்த வேலை எனக்குச் சரி வராது. பேர எடுத்துடுங்க."

"ஐயோ அண்ணே, நீங்க ஒருத்தர்தான் அப்ளை பண்ணிருக்கீங்க! பேரு, போட்டோ எல்லாம் மத்தியானமே அனுப்பிட்டேன். மேடம் நாளைக்குக் காலைல பாக்கறேன்னாங்க."

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது திலகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாரியம்மா பொத்திக்கொள்ளவுமில்லை. "சொந்த நாற்காலிக்கே மனு போட்ட மொத ஆளு நீதான் மாப்ளே!"

"சிரிங்க. நாளைக்கு எம்.சி. பொய்யும் வெளிய வரும், வேலையும் போவும்."

"ஏங்க, எழுதி வச்சிருக்கீங்களான்னு அந்த மேடம் கேட்டதுல என்னா தப்பு?" என்றாள் திலகா. சிரிப்பு நின்றிருந்தது. "எங்க இல்லத்துல ஷிப்ட் முடிஞ்சா, புக்குல எழுதாம வாசலத் தாண்ட முடியாது. எட்டாம் கட்டில் கெழவருக்கு இடுப்புல வலப்பக்கம் புண்ணு. நான் எழுதாம வந்தா, அடுத்தவ அந்தப் பக்கமே படுக்க வைப்பா. கெழவருக்குத்தான் வலிக்கும், எனக்கில்ல."

"எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குன்னு அனுப்பிடுவாங்க."

"எழுதாமயே இப்ப ஆள் தேடறாங்களே. பத்து வருசமா எழுதறேன், என்னை யாரு அனுப்புனா? பக்கத்து எடத்துலேருந்து கூப்பிடத்தான் செய்யறாங்க."

எண்ணூறு பேரில் யாருக்கு எங்கே வலிக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எல்லாருடைய ஷிப்டும் விடுப்பும் தன் தலைக்குள் இருக்கிறது. உடம்பிலோ சர்க்கரை ஏறியிருக்கிறது.

மறுநாள் காலை ஏழரைக்கு ஹஃபீஸா வருமுன்பே அவள் அறை வாசலில் நின்றான். அவள் வந்து கணினியைத் திறந்தாள், விண்ணப்பத்தைப் பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"வயித்து வலி எப்படி இருக்கு அண்ணே?"

"வயித்துல இல்ல மேடம், புத்தியில. நேத்து எடுத்த லீவைச் சம்பளமில்லா லீவா போட்டுடுங்க."

"ஏஜென்ட் குறிப்பு ஒன்னு அனுப்பியிருக்கான். 'பழைய ஆளை மொதல்ல அனுப்பணும்'னு நீங்களே சொன்னீங்களாம்."

"சொன்னேன். அந்த ஆளுக்கு ஆறு மாசம் குடுங்க. எல்லாத்தையும் எழுதித் தரேன். எங்கூட யாரை ஒக்கார வச்சாலும் மூஞ்சத் தூக்க மாட்டேன். அப்புறமும் வேணாம்னா போயிடறேன்."

ஹஃபீஸா யோசித்தாள். "விளம்பரத்த எடுக்க மாட்டேன் அண்ணே."

"எடுக்க வேணாம் மேடம். வேற யாரும் வரப்போறதில்ல."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆறு மாசம். மாசாமாசம் நான் பாப்பேன்."

ஹேமநாதன் அவள் மேசையிலிருந்து ஒரு தாளை உருவி, பத்தொன்பது வருடமாகத் தன் தலைக்குள்ளேயே இருந்த சிஸ்டத்தின் கடவுச்சொல்லை அதில் எழுதினான். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டான். பக்கத்தில் ஹஃபீஸாவும் கையெழுத்திட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு அவன் தன் இடத்துக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில், 'திங்கட்கிழமை காலை சிஸ்டம் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது' என்று எழுத ஆரம்பித்தான்.