கடைசி அடுப்புக்கு எட்டாத காஸ்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்தேன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வேன். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

விறகிலிருந்து காஸுக்கு மாறியபின், கடைசி அடுப்பில் மட்டும் பட்டில் சாயம் திட்டுத்திட்டாக ஏறியது. மற்ற அடுப்புகளை அணைத்தபின் நான் போய்ப் பார்த்தால் அதுவும் நன்றாகத்தான் எரியும். ஆகவே அந்த அடுப்பில் நிற்கும் வேலுதான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். கத்திக் கத்தி அலுத்தும் போயிருந்தது.

"நாளையிலேர்ந்து வராதே வேலு," என்றேன்.

தன் மகள் கல்யாணப் புடவைக்கு நிறம் பார்க்க வந்திருந்த பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காஸ் குழாய் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவராம். பையிலிருந்து, அந்தக் காலத்தில் கணக்குப் போட வைத்திருந்த மஞ்சளேறிய ஸ்லைடு ரூல் ஒன்றை எடுத்தார்.

"இன்னா சார், பாவு அளக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

சிரித்தார். காஸ் குழாயைக் கண்ணாலேயே அளந்து, அதன் அகல எண்ணுக்கு நேராக நீள எண்ணை நகர்த்தி வைத்து, கண்ணாடிக் கோட்டில் விழுந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "எல்லா அடுப்பும் எரிஞ்சா கடைசிக்கு காஸ் பத்தாதுங்க. குழாய் சன்னம்," என்றார். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

காஸ் இணைப்புப் போட்டபோது சன்னக் குழாயே போதும் என்று அடித்துச் சொன்னவன் நான்தான்.

வேலு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "உம்மேல தப்பில்லப்பா, குழாய்தான் சின்னது," என்றேன்.

"அப்ப நாளைக்கு வரலாங்களா மொதலாளி?"

தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்கும் சொல் இந்த வயதிலும் என் வாயில் வருவதில்லை. வேலு டீக்கடையில் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.