கோயில் வாசலில் போன சப்பாத்து

இங்கிலீஷ்காரன் திருடனைக்கூட ரகம் ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறான் என்று கைப்பேசிப் பாடத்தில் படித்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு புகுந்து எடுத்தால் பர்க்ளர். மிரட்டிப் பிடுங்கினால் ராபர். கடைச் சாமானைச் சட்டைக்குள் சொருகினால் ஷாப்லிஃப்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் பில்ஃபரர். ஜன்னல் வழியே வந்து பொரித்த மீனைத் தூக்கிய பூனையை நான் பர்க்ளர் என்றேன். என் தட்டிலிருந்தே அப்பளத்தைப் பிடுங்கிய அக்காவை ராபர் என்றேன்.

"திருடனப் படிச்சா வேல கெடைக்குமாலா?" என்றாள் அக்கா.

அவள் கேட்டது நியாயம்தான். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் நான் பல வருடமாக உற்பத்தி லைனில் நிற்பவள். பயிற்சியாளர் வேலைக்கு இரண்டு முறை நேர்முகத்துக்குப் போய், இரண்டு முறையும் இங்கிலீஷில் வாயடைத்துத் திரும்பியவள். மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால் இனி கேட்பதே இல்லை என்று இருந்தேன்.

அந்த மூன்றாவது நேர்முகத்தன்று காலை முருகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அக்கா தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காரை விட்டாள். நேர்முகத்துக்கென்றே வாங்கிய கறுப்புச் சப்பாத்தைப் படியடியில் கழற்றினேன். "கைப்பேசிய கெரேத்தாலயே வெச்சிட்டேன், நீ முன்னால ஏறு," என்று அவள் காருக்குத் திரும்பிப் போனாள். கும்பிட்டுவிட்டு இறங்கினால் அவளுடைய ரப்பர் சிலிப்பர் இருக்கிறது, என் சப்பாத்தைக் காணோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்காவோ கைதட்டினாள். "கோயில்ல செருப்பு போனா சனி போச்சுன்னு அர்த்தம்டி! என் சிலிப்பர போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். அவள் வெறுங்காலோடு காரை ஓட்டி, கடல் பாலத்தைத் தாண்டி என்னைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் விட்டாள்.

நேர்முக அறையில் இருந்த மூவரும் முதலில் பார்த்தது என் காலைத்தான். என்ன ஆயிற்று என்றார்கள். அவ்வளவுதான், இங்கிலீஷ் மடை திறந்துவிட்டது. என்னை யாரும் மிரட்டவில்லை, அதனால் ராபர் இல்லை. பூட்டு உடையவில்லை, பர்க்ளர் இல்லை. கோயில் கடையும் இல்லை, ஷாப்லிஃப்டரும் இல்லை. சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செருப்பை எடுப்பவனுக்கு இங்கிலீஷில் பேரே வைக்கவில்லையே என்று கேட்டேன். ஒருவர் சிரிப்பு தாங்காமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப் பேசுகிற ஆள்தான் புதிதாக வருபவர்களுக்கு வேண்டும் என்று அங்கேயே வேலையைக் கொடுத்தார்கள்.

வெளியே ஓடி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அப்போது மழை தூறியது. குடை எடுக்கலாம் என்று காரின் பின்பெட்டியைத் திறந்தேன். செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தால் என் கறுப்புச் சப்பாத்து.

"எந்தத் திருடனும் எடுப்பான்னு நம்பிக்க இல்ல," என்றாள் அக்கா. "அதான் நானே எடுத்தேன். சனி போவணும், ஆனா புதுச் சப்பாத்து போவக்கூடாதில்ல?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்புறம்தான் அவள் காலைப் பார்த்தேன். கல்லும் தாரும் பட்டதில் பாதம் சிவந்திருந்தது. சப்பாத்து பின்னாலேயே இருந்தும் அத்தனை நேரமும் வெறுங்காலோடு எனக்காக நின்றிருக்கிறாள். சிலிப்பரைக் கழற்றி நீட்டினேன்.

"வேணாலா," என்று ஈரத் தரையில் தத்தித் தத்திக் கார்க் கதவுக்குப் போனாள். "மொத நாளைக்கும் அதையே போட்டுக்கிட்டுப் போ. ராசியானது."

முதல் நாள் போட்டுக்கொண்டுதான் போனேன். தொழிற்சாலை வாசலுக்கு வந்தபிறகே சப்பாத்துக்கு மாறினேன்.