ஒரு நாளைக்கு எட்டு நன்றி

காலையில் நான்கு, மாலையில் நான்கு. பாலிடெக்னிக்கில் முதல் இரண்டரை ஆண்டுகள் நான் தினமும் சொன்ன நன்றிகளின் எண்ணிக்கை இது.

எங்கள் சிவில் கட்டடத்தின் முகப்பில் நான்கு படிகள். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். ஏழு வயதில் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. அப்பா விடிகாலையில் பூ மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டு, அதே லோடு ஆட்டோவில் என்னையும் நாற்காலியையும் ஏற்றிவந்து படிக்கு முன்னால் விடுவார். செண்டுமல்லி வாடையோடு நான் கீழே காத்திருப்பேன். வகுப்புப் பையன்கள் நான்கு பேர் வந்து நாற்காலியின் நான்கு மூலைகளையும் பிடித்து மேலே ஏற்றுவார்கள். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லியாக வேண்டும். ஒருவனை விட்டுவிட்டாலும் அவன் முகம் சுண்டிப்போகும்.

தூக்கப்படுவது என்றால் என்னவென்று தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. துப்பட்டா சக்கரத்தில் மாட்டும். அதை எடுக்க நான் குனிந்தால் ஆடாமல் இருக்கச் சொல்வார்கள். அவர்கள் நேற்றைய கிரிக்கெட்டை என் தலைக்கு மேலே பேசிக்கொண்டே ஏறுவார்கள். நான்கில் ஒருவன் வரவில்லை என்றால் முதல் பீரியடு எனக்குப் போச்சு. நடுவில் கழிப்பறைக்கு இறங்க வேண்டி வரக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். மலைக்கோட்டைக்கு ஏற வேண்டும் என்றா கேட்டேன்? நான்கே நான்கு படி.

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்ல பையன்கள்மேல் கோபம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்புத் தலைவன் ஒரு மாணவர் குழு ஆரம்பித்தான். மாற்றுத்திறனாளிகளையும் எல்லோரோடும் சேர்ப்பதுதான் குழுவின் வேலை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டான். வகுப்பில் பாதிப் பேர் சேர்ந்தார்கள். என்னைச் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். உனக்காகத்தானே செய்கிறோம், உனக்கு எதற்குச் சிரமம் என்றான். அன்று நான் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் என் முதல் தப்பு.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனபோது படிகளுக்கு முன்னால் பந்தல், பலூன், ரிப்பன். நடுவில் புத்தம் புதிய சிமெண்டு ராம்ப். எனக்குத் தெரியாமல் விடுமுறை முழுவதும் கல் சுமந்து, கலவை போட்டுக் கட்டியிருந்தார்கள். கைகளில் கொப்புளம். எனக்குத் திடீர் மகிழ்ச்சி தருவதற்காகவாம்.

பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டேன். நான்கு படி என்றால் இரண்டு அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆக இருபத்து நான்கு அடி. அவர்கள் கட்டியிருந்தது எட்டு அடி. இது எங்கள் பாடத்தில் இருக்கிறது. தேர்வில் இதே கேள்வி வந்தது. வகுப்புத் தலைவன் என் நோட்டை வாங்கிப் படித்துத்தான் அதில் தேறினான்.

எதைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதும் உடனே புரிந்துவிட்டது. திண்டுக்கல்லில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வாசலுக்கு வாசல் ஒரு சிமெண்டுச் சரிவு தெருவில் துருத்திக்கொண்டு நிற்கும். பைக்கை வீட்டுக்குள் ஏற்றுவதற்கு. டயர் வழுக்காமலிருக்க ஈரச் சிமெண்டில் குறுக்கே கோடு கோடாகக் கீறி வைத்திருப்பார்கள். அந்தச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றித்தான் நான் ரோட்டின் நடுவில் லாரிகளோடு போகிறேன். ஒரு வண்டிக்கு ஊரே சாய்ந்து கொடுக்கும். ஒரு நாற்காலிக்குக் கொடுக்காது. சிவில் படித்த என் நண்பர்கள் பாடத்தை விட்டுவிட்டு அவரவர் வீட்டு வாசலைக் கட்டிவைத்திருந்தார்கள், கீறிய கோடுகள் உட்பட. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கட்டியிருந்தால் நீளம் கிடைத்திருக்கும். ஆனால் அந்த நிழலில்தான் துறைத்தலைவர் ஸ்கூட்டர் நிறுத்துவார்.

சிறப்பு விருந்தினர் கத்திரிக்கோலோடு நின்றார். வகுப்புத் தலைவன் என் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தான். நான் பிரேக்கைப் போட்டேன்.

"தள்ளாதே. நீ இதுல உக்காந்து நீயே ஏறிக் காட்டு" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். நான் கைகளை ஊன்றிப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினேன். அவன் உட்கார்ந்தான். தினமும் தண்டால் எடுக்கிற உடம்பு அவனுக்கு. இரண்டு முழம் ஏறியிருப்பான். கீறிய கோட்டில் சக்கரம் தட்டியது. இன்னும் வேகமாகத் தள்ளினான். முன்சக்கரங்கள் இரண்டும் மேலே தூக்கின. பின்னால் மல்லாந்து விழப் போனவனை இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது, பொய் சொல்வானேன்.

விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். மேலே வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதால், என்னை நாற்காலியோடு படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராம்ப் திறப்பு விழாவுக்கு! நான் வாய் தவறி அன்றும் நான்கு நன்றி சொன்னேன். அதற்காக என்மேல் எனக்கே இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மத்தியானமே துறைத்தலைவரின் ஸ்கூட்டர் அந்த ராம்பில் சொகுசாக ஏறி வராந்தாவில் நின்றது.

மறுநாள் காலையில் நால்வரும் வந்தார்கள். இனி யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கீழேயே இருந்தேன். மேலே பாடம் நடந்தது; ஜன்னல் வழியே பாதி காதில் விழுந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். வருகை குறைந்தால் கடைசிப் பரீட்சை எழுத விட மாட்டார்கள், ஓர் ஆண்டு வீணாகும். தெரிந்துதான் இருந்தேன்.

வகுப்பில் எனக்கு நன்றி கெட்டவள் என்று பெயர் வந்தது. துறைத்தலைவர் இறங்கி வந்து என் முன்னால் நின்றார்.

"பசங்க ஆசையாச் செஞ்சதும்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன?"

இரண்டரை வருடமாக அனுசரித்த தாகம் தொண்டையில் இருந்தது. சாயங்காலம் அப்பா, "தாயி, இன்னும் கொஞ்ச நாளுதான, பொறுத்துக்கிட்டா என்ன" என்று கேட்டதும் மொத்தத்தையும் அவர்மேல் கொட்டினேன். பாவம், அவர் வண்டியைக் கிளப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் நேரத்துக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் விட்டார்.

ஐந்தாம் நாள் வகுப்புத் தலைவன் வந்தான். தோளில் சம்மட்டி, கையில் அளவு டேப். டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.

"நீ அளந்து சொல்லு. நாங்க அம்புட்டுப் பேரும் முட்டாப் பயலுக."

இல்லை என்று நான் சொல்லவில்லை. டேப்பை வாங்கிக்கொண்டேன்.

அன்றே உடைத்தார்கள். முதல் அடியை அவனே போட்டான். பக்கவாட்டு இடம் கேட்டு வகுப்பே கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுத்தது. அவர் அனுமதித்தார். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, அப்படியானால் தன் வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. வரைபடம் நான் போட்டேன். கயிறு கட்டி மட்டம் பார்த்ததும் நான்தான். ஓரிடத்தில் சரிவு கூடிப்போயிருந்தது. இம்புட்டுத்தானே, விடு என்றார்கள். பிரித்துக் கட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. கைப்பிடிக் கம்பி வரைக்கும் முடித்து, சிமெண்டு இறுகும் வரை தண்ணீர் ஊற்றினோம். ரிப்பன் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எல்லாம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அப்பா என்னை இறக்கிவிட்டுப் போகாமல் ஆட்டோ பக்கத்திலேயே நின்றார். நான் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினேன். பாதியில் மூச்சு வாங்கியது. நின்றேன். யாரும் ஓடி வரவில்லை. மறுபடி தள்ளினேன். இருபத்து நான்கு அடியும் ஏறி மேலே போனால், திரும்புகிற இடத்தை அடைத்துக்கொண்டு துறைத்தலைவரின் ஸ்கூட்டர்.

புது ராம்ப் அவருக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

"சார், வண்டிய எடுங்க" என்று கத்தினேன். அப்பாவுக்குக் கீழே கேட்டிருக்கும். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் சாக்பீஸோடு வாசலுக்கு வந்தார். சாவி அவரிடம் இல்லையாம், வண்டியை நிறுத்தி ஹேண்டிலைப் பூட்டிய ஆபீஸ் பையன் கையோடு எடுத்துப் போய்விட்டானாம். அதற்கென்ன, பசங்க உன்னைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள் என்றார். சொல்லி முடிக்குமுன் நான்கு பேரும் பழக்கத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவன் என் நாற்காலியில் கை வைத்தும் விட்டான்.

வகுப்புத் தலைவன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"அவளத் தொடாத. வண்டியத் தூக்குங்கடா."

நான்கு பேரும் ஸ்கூட்டரின் நான்கு பக்கத்தையும் பிடித்தார்கள். துறைத்தலைவர் பார்த்துடா, பார்த்துடா என்று பதறிக்கொண்டே கூட வந்தார். படி படியாக நான்கு படியும் இறக்கி, வெயிலில் வைத்தார்கள். வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

அவர் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் "தேங்க்ஸ்ப்பா" என்றார். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை.

நான் யாருக்கும் எதுவும் சொல்லாமல் உள்ளே போனேன்.