ஞாயிற்றுக்கிழமைக் கொலைகாரி

ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் பகல் இரண்டரை மணிக்கு நான் ஒரு மனிதனைக் கொன்றதாக நிரூபிக்கப்பட்டது. மூன்று மணிக்கு அந்த மனிதனுக்கே தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். செத்தவர் எழும்பி வந்து, சீனி கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்வார்.

இடம் சிட்னிதான். ஆனால் மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம், விண்ட்சருக்கும் அப்பால் போக வேண்டும். நூற்றைம்பது வருஷப் பழைய கல்வீடு. முன்னால் குதிரைகள் மேயும் வெளி, பின்னால் ஆறு. அதை வாங்கித் திருத்திய வீட்டுக்காரர் ஞாயிறு மத்தியானங்களில் கொலை விருந்து நடத்தினார். சனம் பழைய காலத்து உடுப்பில் வந்து சாப்பிடும். சாப்பாடு முடியும் நேரம் வீட்டு எசமான் நஞ்சு குடித்து மேசையில் விழுவார். எசமானாக நடிப்பது வீட்டுக்காரரேதான். எசமானின் உறவுக்காரராக நடிக்கும் வேஷங்களை விருந்தாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் துப்பறிவாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். இந்த அறையை விட்டு ஒருவரும் போகக் கூடாது என்று அதட்டுவார். சும்மா சொல்லக் கூடாது, அந்த நடிகையின் குரலுக்கு எனக்கே நெஞ்சு ஒருமுறை நின்று அடிக்கும்.

நான் அங்கே குசினி வேலைக்குப் போனவள். கோப்பை கழுவ, மேசை துடைக்க. நான் சேருமுன் கதையில் எசமானைக் கொன்றது அவருடைய மருமகன். நான் சேர்ந்த இரண்டாம் கிழமை வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எசமான் இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர், அங்கிருந்து ஒரு வேலைக்காரியைக் கூட்டி வந்தவர் என்று கதையை மாற்றினார். மருமகன் தப்பிவிட்டான். கறுப்புச் சட்டையும் வெள்ளை ஏப்ரனும் எனக்கு வந்தன. நான் ஏன் கொன்றேன் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, வேலைக்காரிக்குக் காரணம் எழுதத் தேவையில்லை, சனம் நம்பும் என்றார். சனமும் நம்பியது. அதுதான் எனக்குப் பொல்லாத எரிச்சல்.

எனக்கு ஆட்களில் நம்பிக்கை குறைவு. சிரித்துக்கொண்டு வருகிறவரை முதலில் சந்தேகிப்பேன். ஊரில் ஆறு வருஷம் தபால் கந்தோரில் வேலை செய்தவள் நான். அந்த வேலையே அப்படித்தான். பதிவுத் தபால் பை வந்தால் அதைத் தனியே அவிழ்க்கவே கூடாது. பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, இலக்கத்தைச் சத்தமாக வாசித்து, மற்றவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்தது. அந்த நாட்களில் இது என்ன கோதாரி என்று சலித்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த ஞாயிறு இருபத்துநான்கு பேர். இறால் வைத்தோம், ஓட்டோடு. பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண்மணி யன்னலோரம் இருந்து, கையால் உரித்து உரித்துச் சாப்பிட்டார். சாப்பாடு முடிய நான் கை துடைக்கும் துணிகளைச் சுருட்டி எடுத்து, சலவைக்குப் போகும் பையில் போட்டு, வாயைக் கட்டிக் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். எசமான் விழுந்தார். சிவப்புத் தொப்பி வந்தார். பச்சை உடுப்புக்காரியின் விரலைப் பிடித்து மை இருக்கிறதா என்று பார்த்தார், இன்னும் நாலு பேரை மிரட்டினார், கடைசியில் வழக்கம்போல என்னை நோக்கி விரல் நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வழக்கம்போலத் தலை குனிந்தேன்.

அப்போதுதான் பச்சை உடுப்புக்காரி தன் மோதிரத்தைக் காணவில்லை என்றார். நீலக்கல் மோதிரம், தாயுடையது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்தார்கள். அவர் அழத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. மேசைக்குக் கீழே தேடினார்கள், கதிரைகளைப் புரட்டினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக என்னைப் பார்த்தார்கள். அந்த ஏப்ரனோடு நான் அங்கேயே நின்றேன். ஐந்து நிமிஷத்துக்கு முன் என்னைக் கொலைகாரி என்று கண்டு கை தட்டியவர்களுக்கு, கள்ளி என்று நினைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? பொலிசைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிப் பச்சை உடுப்புக்காரி தொலைபேசியை எடுத்தார்.

நாங்கள் படகில் வந்தவர்கள். கையில் இருப்பது தற்காலிக விசா. என் பேரில் ஒரு களவு வழக்குப் பதிந்தால் போதும், அந்த விசாவை ரத்துச் செய்யலாம். என்னோடு சேர்த்து, நிரந்தர விசாவுக்கான கணவரின் ஒன்பது வருஷக் காத்திருப்பும் போய்விடும்.

வீட்டுக்காரர் அந்தப் பெண்மணியிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினார். என்னைக் குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

"நீ எடுத்திருந்தால், எங்காவது வைத்துவிடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்."

சொல்லிவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. இரக்கப்பட்டே என்னைக் கள்ளியாக்கிவிட்டுப் போனார், பாவி மனிதர்.

தனியே நின்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் சந்தேகம் முதலில் போனது சிவப்புத் தொப்பி மேல். விரலைப் பிடித்துப் பார்த்தவள் அவள்தானே? ஓடிப்போய் அதைச் சொல்லிவிட்டால் நான் தப்பிவிடுவேன். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் எடுத்ததைக் கண்டேனா? இல்லை. அவர்கள் எனக்குச் செய்வதையே நான் அவளுக்குச் செய்யப் பார்க்கிறேன் என்று என் மீதே வெட்கம் வந்தது.

அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது. கையில் மோதிரத்தோடு யாராவது இறால் உரிப்பார்களா? கழற்றித்தான் வைத்திருப்பார். எங்கே? தட்டுக்குப் பக்கத்தில், துணியின் மேல். அந்தத் துணியைச் சுருட்டி எடுத்தது யார்? நான்தான்.

குசினிக்கு ஓடினேன். பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. முடிச்சில் கை வைத்தேன். வைத்த கையை நெருப்பில் பட்டதுபோல எடுத்தேன். அடியே, என்ன செய்யப் பார்த்தாய்? நான் அவிழ்த்து, நான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தால், எடுத்தவளே திருப்பி வைத்தாள் என்றல்லவா ஆகும். அவர் சொன்ன "எங்காவது வைத்துவிடு" அதுதானே.

நான் விருந்தறைக்குப் போனேன். சிவப்புத் தொப்பி வழக்கமாக நிற்கும் இடத்தில், குளிர்காயும் அடுப்புக்கு முன்னால் நின்றேன்.

"ஒருவரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. எல்லோரும் குசினிக்கு வாருங்கள்" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

வந்தார்கள். தொப்பியும் கையுறையும் முத்துமாலையுமாக அந்தச் சின்னக் குசினிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பையிலிருந்து இரண்டு கவடு தள்ளி, கைகளை எல்லோருக்கும் தெரிய விரித்துக்கொண்டு நின்றேன். பையை அவிழ்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒவ்வொரு துணியாக எடுத்து உதறச் சொன்னேன். சிவப்புத் தொப்பியைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னேன். நான் எண்ணினேன், கந்தோரில் எண்ணியது போலவே, சத்தமாக. ஒன்று. ஒன்றுமில்லை. இரண்டு. ஒன்றுமில்லை. வீட்டுக்காரரின் காது சிவந்துகொண்டு வந்தது. பத்துத் தாண்டியதும் எனக்குச் சந்தேகம் என் மேலேயே வந்துவிட்டது. என் கணக்குப் பிழைத்துப் போயிருந்தால்? பதினேழாவது துணியை உதறியபோது மோதிரம் கல்தரையில் விழுந்து உருண்டு, வீட்டுக்காரரின் சப்பாத்தில் முட்டி நின்றது.

கை தட்டினார்கள். எப்போதையும் விடப் பலமாக. யாரோ விசிலும் அடித்தார். பச்சை உடுப்புக்காரி மோதிரத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணீரோடு வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். என்னிடம் திரும்பி, என்ன அருமையாக நடிக்கிறாய் என்றார். கை தட்டாமல் நின்றது சிவப்புத் தொப்பி மட்டும்தான். கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்து, தானும் என்னைத்தான் நினைத்ததாகச் சொன்னாள். நானும் உன்னைத்தான் நினைத்தேன் என்றேன். அவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

என்னைக் கூட்டிப் போக வந்த கணவருக்குக் காரில் எல்லாம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "பொலிஸ் வந்ததோ?" இல்லை என்றேன். பாரமட்டாவில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உம்மட வாய் ஒருநாளைக்கு எங்களைத் திரும்ப ஏத்தி அனுப்பப் போகுது" என்றார்.

"வாய் இருந்தபடியாத்தான் இண்டைக்கு வீட்டை வாறன்" என்றேன். வீட்டு வாசலில் காரை நிற்பாட்டிவிட்டு, என் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்காரர் தொலைபேசி எடுத்தார். வந்தவர்களுக்கு அந்தக் குசினிக் காட்சி மிகவும் பிடித்துவிட்டதாம். இனி ஒவ்வொரு ஞாயிறும் மோதிரம் தொலையட்டும், எல்லோரும் உன்னைச் சந்தேகிக்கட்டும், நீ எண்ணு என்றார். குழந்தைப்பிள்ளை போலச் சந்தோஷம் அந்தக் குரலில். மன்னிப்பு என்ற சொல்லை எங்காவது சொல்வாரா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை.

செய்யலாம், ஆனால் ஒன்று என்றேன். சாமான் அறையில் நீங்கள் சொன்னதையும் அந்தக் காட்சியில் சேர்க்க வேண்டும். அதே வசனம், நீங்களே சொல்ல வேண்டும், எல்லோருக்கும் கேட்க.

"அதை நான் நல்ல மனதோடுதான் சொன்னேன்" என்றார்.

"நல்ல மனதோடு சொன்னதை உரத்துச் சொல்வதற்கு என்ன?" என்று கேட்டேன். அவர் தொலைபேசியை மெல்ல வைத்துவிட்டார்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன். குசினி மேசையில் புதிய வசனத்தாள் கிடந்தது. இதில் என்ன சூட்சுமமோ என்று நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். மோதிரம் இல்லை, இலங்கை வேலைக்காரியும் இல்லை. எசமானைக் கொன்றது பழையபடி மருமகன். அவன் ஏன் கொன்றான் என்பதற்கு முக்கால் பக்கம் காரணம் எழுதியிருந்தார்.